நானூற்றுப் பன்னிரண்டு பேரின் மூச்சு

டெல்லி,
8.1.1996

அன்புள்ள விமலா,

நீ அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்து பொங்கல் நெருங்கும் நேரத்தில் வந்து சேர்ந்தது. தபால்காரர் மேல் குற்றமா, கடைசி நாள் வரை அட்டையைப் பெட்டியில் போடாமல் வைத்திருந்த உன் மேல் குற்றமா என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் வீட்டுக்கணக்கை முதல் மணி அடித்த பிறகு என் நோட்டைப் பார்த்து எழுதுவாயே, அந்த விமலா இன்னும் மாறவில்லை.

இங்கே குளிர் எலும்பு வரைக்கும் போகிறது. துடியலூரில் வீட்டு வாசலில் வெயில் காய்ந்ததை நினைத்துக்கொண்டு ரொட்டி தின்கிறேன்.

நல்ல சேதிக்கு வருகிறேன். நம் ஆய்வு அச்சாகிவிட்டது! இதழின் பிரதி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் சூலூர் மில் கொட்டகையில் நானூற்றுப் பன்னிரண்டு தொழிலாளிகளை வரிசையாக நிறுத்தி ஊதவைத்தோமே, அதுதான். பஞ்சுத் தூசியில் பதினைந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர்களும், நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்களைப் போலவே நன்றாக ஊதியிருக்கிறார்கள். நுரையீரலுக்கு நிரந்தரக் கேடு இருப்பதாகத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறேன். நானே எதிர்பார்க்காத முடிவு. அதனால்தானோ என்னவோ எல்லோரும் இதைப் பற்றியே பேசுகிறார்கள்.

கடைசிப் பக்கத்தில் உனக்கு நன்றி சொல்லியிருக்கிறேன், பார். டோக்கனைப் பார்த்தது, பேர் கூப்பிட்டது, கருவியில் முள் நின்ற இடத்தைப் படித்து எழுதியது எல்லாம் நீ. நான் டாக்டரம்மாவாக நாற்காலியில் உட்கார்ந்து நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரலில் துறைத் தலைவர் பதவிக்கு நேர்முகம். இந்தக் கட்டுரை எனக்குக் கை கொடுக்கும் என்கிறார்கள். உன் மாதாவிடம் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வை. அமிர்தராஜ் அண்ணனுக்கு இருமல் எப்படி இருக்கிறது? மூன்று கடிதமாகக் கேட்கிறேன், நீ பதிலே எழுதுவதில்லை.

அன்புடன்,
லோகு


சூலூர்,
2.2.1996

அன்புள்ள லோகு,

இதழ் வந்தது. என் பெயரை அச்சில் பார்த்ததும் சந்தோஷத்தில் அதை வீட்டுக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல எம்பேரு எங்கே? கணக்குல நானும் ஊதியிருக்கறனே?" என்று கேட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு அந்த இதழை என்னால் கையில் எடுக்க முடியவில்லை.

நீ கேட்டதற்கு இதுதான் பதில். கட்டிலிலிருந்து கிணற்றடி வரை நடந்தால் நடுவில் இரண்டு தடவை உட்காருகிறார்.

மில் மேனேஜர் கைக்கும் உன் கட்டுரை போய்ச் சேர்ந்துவிட்டது. தமிழில் டைப் அடித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். "பஞ்சுத் தூசியால் கேடு இல்லை. டெல்லி டாக்டர் ஆராய்ச்சி முடிவு." பொங்கல் கழிந்ததும் பஞ்சு உதறும் ப்ளோ ரூமில் தூசி உறிஞ்சும் மெஷின் வைப்பதாக இருந்தார்கள். அது இனித் தேவையில்லையாம். யூனியன் அப்புசாமி நான் வேலை பார்க்கும் சர்ச் டிஸ்பென்சரிக்கே வந்துவிட்டார். "ஏனுங்க சிஸ்டர், நீங்களும் அந்த ஆராய்ச்சியில இருந்தீங்களாமா? எங்க நெஞ்சு நல்லாருக்குதுன்னு நீங்களே சொல்லிப்போட்டீங்களே!" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. மரியாதையாகக் கேட்டார்.

லோகு, உன்னிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. மில்லுக்குள் நம்மை விடுவதற்கு மேனேஜர் ஒரு நிபந்தனை போட்டார், நினைவிருக்கிறதா? யார் யார் எவ்வளவு ஊதினார்கள் என்பதைப் பேரோடு மில் பார்த்துக்கொள்ளலாம் என்று. வேறு வழியில்லை என்று நீ கையெழுத்துப் போட்டாய். அது டைம் ஆபீஸ் வழியாக அன்றைக்கே எல்லாக் காதுக்கும் போய்விட்டது. குறைச்சலாக ஊதினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு.

நம் மில்லின் வழக்கம் உனக்குத் தெரியாது. ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் அவர் டோக்கனை எடுத்துக்கொண்டு தம்பியோ மச்சானோ ஷிப்டுக்குப் போவான். மேஸ்திரிக்குத் தெரியும், கண்டுகொள்ள மாட்டார். வேலைக்குப் போனது போலவே ஊதுவதற்கும் வந்தார்கள். அன்றைக்கு அமிர்தராஜுக்குப் பதிலாக வந்து ஊதியது என் கொழுந்தன் சூசைராஜ். "அமிர்தராஜ், வயது முப்பத்தெட்டு, சர்வீஸ் பதினேழு வருஷம்" என்று, நீ மேனேஜர் அறைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, வாய் கூசாமல் கூப்பிட்டது நான். முள் நானூற்றுத் தொண்ணூறில் நின்றது. அதையும் எழுதினேன்.

அவர் மட்டும் இல்லை. இன்னும் சிலர் இருந்தார்கள். பாவம், வேலை போய்விடக்கூடாது என்றுதான் விட்டேன். யாருக்கும் கெடுதல் வராது என்று நினைத்தேன். இப்போது என்ன செய்வது, சொல்.

உன்,
விமலா


டெல்லி,
11.3.1996

அன்புள்ள விமலா,

உன் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஒரு மாதம் சுற்றிவிட்டேன். தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.

அண்ணனைப் பற்றிப் படித்து மனசு ஆறவில்லை. இத்துடன் ஒரு மருந்துச் சீட்டு வைத்திருக்கிறேன். உறிஞ்சும் மருந்து, ஒரு நாளைக்கு நாலு வேளை. கோயமுத்தூரில் கிடைக்கும்.

மற்ற விஷயத்தைப் பற்றி நீ வீணாகப் பதறாதே. நானூற்றுப் பன்னிரண்டு பேரில் நாலைந்து பேர் ஆள் மாறியிருந்தால் முடிவு மாறாது. எந்தக் களஆய்விலும் இப்படிக் கொஞ்சம் அழுக்கு சேரத்தான் செய்யும். அதற்காகவே நிறையப் பேரைச் சேர்க்கிறோம். மெஷின் வைக்காதது மில்லின் குற்றம். என் கட்டுரை வராவிட்டால் வேறு ஒரு சாக்குக் கண்டுபிடித்திருப்பார்கள்.

இன்னொன்று. ஏப்ரலில் நேர்முகம் என்று சொன்னேன் அல்லவா, அது பன்னிரண்டாம் தேதி. அதுவரை இதை அப்புசாமியிடமோ வேறு யாரிடமோ சொல்லாதே. எனக்காக. அப்புறம் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
லோகு


சூலூர்,
20.4.1996

அன்புள்ள லோகு,

நீ கேட்டபடி பன்னிரண்டாம் தேதி வரை வாயைத் திறக்கவில்லை. நேர்முகம் நல்லபடியாக முடிந்திருக்கும் என்று நம்புகிறேன். மெழுகுவர்த்தியும் ஏற்றினேன்.

வாயை மூடிக்கொண்டேன், கால் சும்மா இருக்கவில்லை. நாலைந்து பேர் என்று எழுதினாயே, அது எனக்கு ஆறுதலாக இருந்தது. நிஜமாகவே நாலைந்து பேர்தானா என்று பார்த்துவிடலாம் என்று பழைய பேர்ப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்ததும் வீடு வீடாகப் போனேன். முதலில் யாரும் வாயைத் திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் கதையை நானே முதலில் சொன்னேன். பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.

அறுபத்தொரு பேர், லோகு. அறுபத்தொரு பேருக்கு வேறு ஆள் ஊதியிருக்கிறார்கள். ஒருவர் விடாமல் பதினைந்து வருஷத்துக்கு மேல் சர்வீஸ் உள்ளவர்கள். பழைய ஆட்கள் மொத்தமே நூற்று நாற்பது பேர் என்று நீதான் எழுதியிருக்கிறாய். அதில் அறுபத்தொன்று. நோய் வந்தவர்கள் எல்லாம் வீட்டில் படுத்திருக்க, அவர்கள் பேரில் இளவட்டங்கள் ஊதிவிட்டுப் போயிருக்கிறார்கள். நம் ஆய்வுக்கு முன்பே இருமி இருமி வேலையை விட்டுப் போனவர்கள் தனி. அவர்கள் பேர் நம் பட்டியலில் ஏறவே இல்லை. நாம் தேடிப் போகவும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறோம்.

கோபித்துக்கொள்ளாதே, ஒன்று கேட்கிறேன். சின்னானை நினைவிருக்கிறதா? பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங்கில் வேலை பார்த்த உயரமான பையன். அவன் தன் பேருக்கும் ஊதினான், மாமன் பேருக்கும் ஊதினான், மத்தியானத்துக்கு மேல் சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு இன்னொருவர் பேருக்கும் ஊதினான். மூன்றாம் தடவை நீ ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டு, "இந்த நெஞ்சை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்குதே" என்று சொன்னாய். அவன் நெளிந்தான். நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். கையெழுத்துப் போட்டாய்.

உனக்குத் தெரியாது என்று என்னால் நினைக்க முடியவில்லை. அதுதான் எனக்கு வலிக்கிறது.

விமலா


டெல்லி,
15.6.1996

என் விமலா,

பதவி கிடைத்துவிட்டது. நேர்முகத்தில் முக்கால் மணி நேரமும் நம் ஆய்வைப் பற்றித்தான் கேட்டார்கள். உன் கடிதம் இரண்டு வாரம் கழித்து வந்தது. அது முந்தி வந்திருந்தால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

எனக்குத் தெரியும், விமலா. முழுதாகத் தெரியாது, தெரிந்துகொள்ள விரும்பவில்லை. சின்னானிடம் "நீ யார்?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்டிருந்தால் ஆய்வு நின்றுபோயிருக்கும், இரண்டு வருஷ உழைப்பு போயிருக்கும். கேட்காமல் சிரித்தேன். மேனேஜரின் நிபந்தனையைக் கட்டுரையில் ஒரு வரி கூட எழுதவில்லை. எழுதியிருந்தால் படிக்கிறவர்கள் அப்போதே சந்தேகப்பட்டிருப்பார்கள். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிறேன்.

இதழின் ஆசிரியருக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். ஆள் மாறியது, நான் கண்டும் காணாமல் இருந்தது, நிபந்தனை எல்லாம். கட்டுரை தவறு என்று அதே இதழில் அச்சிடச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், ஆனால் ஆதாரம் கேட்கிறார். எந்தெந்தப் பேருக்கு வேறு ஆள் ஊதினார்கள் என்ற பட்டியல் வேண்டுமாம். வெறும் வாய்ச் சொல்லை நம்பி அச்சிட்டால், நாளைக்கு எந்த முதலாளியும் பிடிக்காத ஆய்வை இதே மாதிரி வாய்ச் சொல்லால் அழிக்கலாம் என்கிறார். அதிலும் நியாயம் இருக்கிறது.

உன் பட்டியலை எனக்கு அனுப்பு. ஆசிரியருக்கு அனுப்பும் எதையும் மில்லுக்கும் காட்ட வேண்டியிருக்கும், அந்தப் பாழாய்ப்போன ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனாலும் அச்சில் வந்துவிட்டால் மெஷின் வைத்தே ஆக வேண்டும். யோசித்துப் பார்.

அன்புடன்,
லோகு


சூலூர்,
9.7.1996

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

பட்டியலை அனுப்ப மாட்டேன்.

அந்த அறுபத்தொரு பேரில் ஐம்பதுக்கு மேல் இன்னும் மில் கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் டோக்கனில்தான் தம்பியும் மச்சானும் வேலைக்குப் போகிறார்கள். பட்டியல் மேனேஜர் கைக்குப் போன மறுநாளே ஆள்மாறாட்டம் என்று எல்லோரையும் வெளியே தள்ளுவார். அதற்குப் பிறகு மெஷின் வந்து யாருக்கு என்ன? என் வீட்டிலும் சூசை கொண்டுவந்தால்தான் உலை கொதிக்கும்.

ஒரு தடவை நீங்கள் போட்ட கையெழுத்தால்தான் அவர்கள் பொய் சொன்னார்கள். இப்போது நிஜம் சொல்லச் சொல்கிறீர்கள், அதற்கும் அவர்கள்தான் விலை கொடுக்க வேண்டுமா? உங்களுக்குப் போவது பேர். அவர்களுக்குப் போவது சோறு. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கதவைத் திறந்து, காப்பி கொடுத்து, என்னை நம்பிச் சொன்னார்கள்.

அமிர்தராஜிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "எம்பேர மட்டும் எழுதிக் குடு, போறது போகட்டும்" என்றார். சூசை அங்கேதான் நின்றான், ஒன்றும் பேசவில்லை. பேசாத பிள்ளையின் வாயில் மண் போட எனக்கு மனம் வரவில்லை.

இப்படிக்கு,
விமலாராணி


டெல்லி,
4.9.1996

அன்புள்ள விமலா,

'டாக்டர் அவர்களுக்கு' என்று நீ எழுதியதை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. முப்பது வருஷத்தில் நீ என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. எனக்கு வேண்டியதுதான்.

பேரைக் கேட்டது என் தப்பு. இனிக் கேட்க மாட்டேன்.

நடந்ததை உன்னிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இங்கே மேலதிகாரியிடம் போய் நானே எல்லாவற்றையும் சொன்னேன். புதுப் பதவியிலிருந்து விலகச் சொன்னார், விலகிவிட்டேன். பழைய மேசைக்கே வந்துவிட்டேன். அது ஒன்றும் பெரிதில்லை. மில் வக்கீல் ஆசிரியருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அது யூனியனிடம் கூலி வாங்கும் நர்ஸ் ஒருத்தி கிளப்பிவிட்ட புரளியாம், எனக்கு மனநிலை சரியில்லையாம். ஆசிரியர் நவம்பர் கடைசி வரை பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் சரிபார்க்கத்தக்க ஆதாரம் ஒன்றிரண்டாவது வராவிட்டால் கோப்பை மூடிவிடுவார். கட்டுரை அப்படியே நிற்கும். அதைப் படித்துவிட்டு வேறு ஊர் மில்களிலும் போர்டில் ஒட்டுவார்கள். ஏற்கெனவே இரண்டு இடத்தில் ஒட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

உன்னைக் கட்டாயப்படுத்த இதை எழுதவில்லை. அமிர்தராஜ் அண்ணனைப் பார்க்க வர வேண்டும் என்று இருக்கிறது. வரலாமா? நீ வா என்று சொன்னால் மட்டும் வருகிறேன்.

உன்,
லோகு


சூலூர்,
12.11.1996

அன்புள்ள லோகு,

அமிர்தராஜ் போய்விட்டார். அக்டோபர் பத்தொன்பதாம் தேதி, சனிக்கிழமை காலை. உட்கார்ந்தபடியே போனார். படுத்தால் மூச்சு வராது என்று கடைசி இரண்டு மாதமும் தலையணையை அடுக்கிச் சாய்ந்தேதான் இருந்தார்.

உனக்குத் தந்தி கொடுக்கச் சூசையை அனுப்பினேன், பாதித் தெருவில் திரும்பக் கூப்பிட்டுவிட்டேன். கொடுத்திருந்தால் நீ அடுத்த வண்டியில் வந்திருப்பாய். வந்திருந்தால் உன் மேல் சாய்ந்து அழுதிருப்பேன். அப்போது எனக்கு அதற்கு மனம் இல்லை. உன் மேல் அவ்வளவு கோபம் இருந்தது. என் மேல் அதைவிட அதிகம்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் நஞ்சம்மாள் வந்தார். அவர் வீட்டுக்காரரும் ப்ளோ ரூமில் இருந்தவர், போன வருஷம் இறந்துபோனார். அறுபத்தொரு பேரில் ஒருவர். என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். பிறகு, "அம்மிணி, டெல்லிக்குப் பேரு அனுப்போணும்னு சூசை சொன்னான். எங்க ஊட்டுக்காரரு பேர எழுதிக்க. செத்தவரை எந்த மேனேஜரு வேலைய உட்டு நிறுத்துவாரு?" என்றார்.

எனக்கு இது தோன்றவே இல்லை, லோகு. உயிரோடு இருக்கிறவர்களைக் காப்பாற்றுவதிலேயே நின்றுவிட்டேன். அறுபத்தொரு பேரில் இதுவரை ஒன்பது பேர் இறந்திருக்கிறார்கள். இறந்தவுடன் டோக்கன் ரத்தாகிவிடும், அதில் இனி யாரும் வேலைக்குப் போக முடியாது. சூசையும் டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சோமனூர்ப் பக்கம் தறிக்குப் போகிறான். இரண்டு வீடுகளில் மகன்கள் அதே மில்லில் இருக்கிறார்கள், அங்கே நான் போகவில்லை. மற்ற வீடுகளுக்கு நஞ்சம்மாளே என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வெள்ளைச் சேலை கட்டிய இரண்டு பேர் வாசலில் வந்து நின்றதும் எதற்கு என்று யாருமே கேட்கவில்லை. ஏழு பேர் கிடைத்தார்கள். மனைவிமார்கள் கையெழுத்தும் கைநாட்டும் போட்டிருக்கிறார்கள். ஊதிய பையன்கள் யார் என்று எழுதவில்லை. அதைக் கேட்கக்கூடாது என்று ஆசிரியரிடம் சொல்லிவிடு.

சரிபார்க்கத்தக்க ஆதாரம் என்று எழுதியிருந்தாய். ஏழு பேரில் மூன்று பேருக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது, அசலையே வைத்திருக்கிறேன். அதில் ஒன்று அமிர்தராஜுடையது. தேதியைப் பார். 18.2.1992. அன்று காலை ஏழு மணிக்கு மூச்சு முட்டி அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஆக்சிஜன் வைத்தார்கள். வைத்ததும், "நீ போ, நீ இருந்தாத்தான் சூசை பயப்படாம ஊதுவான்" என்று என்னை அனுப்பினார். நான் போனேன். ஏன் லேட் என்று நீ கேட்டாய், பஸ் ரிப்பேர் என்று சொன்னேன். பதினோரு மணிக்கு அவர் பேரைச் சத்தமாகக் கூப்பிட்டேன். அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். இதை மட்டும் உன்னிடம் சொல்ல முடியாமல் நாலு வருஷம் வைத்திருந்தேன்.

ஆசிரியருக்கு எழுதும்போது 'களப்பணியாளர் ஒருவர்' என்று என்னை மறைக்காதே. விமலாராணி, நர்ஸ், சூலூர் என்று எழுது. டிஸ்பென்சரியில் ஃபாதரிடம் சொல்லிவிட்டேன். அச்சில் வந்தால் வேலையில் வைத்துக்கொள்வது கஷ்டம் என்றார். சரி என்றேன். உன் பெயரையும் நீ மறைக்கவில்லை என்று தெரியும்.

வரலாமா என்று கேட்டிருந்தாய். இப்போது வேண்டாம், லோகு. நீ வந்தால் பழையபடி சிரித்துப் பேசிவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது. அன்றைக்கும் சிரித்துத்தான் கெட்டோம். நீ நல்லவள். நானும் கெட்டவள் இல்லை. ஆனாலும் உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு அந்தக் கொட்டகைதான் வரும், என்னைப் பார்த்தால் உனக்கும் அப்படித்தான் இருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

பட்டியலில் அமிர்தராஜின் பேரை முதலில் போடு. பேர், வயது, சர்வீஸ் எல்லாம் இருந்தபடியே இருக்கட்டும். எவ்வளவு ஊதினார் என்ற கட்டத்தில் நான் எழுதிய நானூற்றுத் தொண்ணூறை அடித்துவிட்டு, அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடு. அவர் ஊதவே இல்லை.

விமலா